தண்ணி காட்டினியா?

கோவளம்
மே 5

ஜெபா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலம் என்று எழுதிவிட்டால் அதைப் படிக்க எனக்குத் தெம்பில்லை.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அடித்து அடித்து விரல்தான் தேய்ந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு நான் பேனா பிடித்து இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. ஐஸ் வண்டி முனிசாமி அண்ணன் கருங்குழி வழியாகத்தான் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதுவதாக இருந்தால் அவரிடமே கொடு.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நம் குப்பத்து ஃபைபர் படகுகள் கொண்டுவருகிற மீனுக்கு வியாபாரிகள் அடித்துக்கொள்கிற காலம். கரையிலிருந்து ஈசிஆர் ரோடு வரைக்கும் சவுக்குத் தோப்பும் மணலும்தான். அந்த மணலில் மீன் பெட்டியைச் சுமந்து வருகிற ஒரே வண்டி என் ஜீப். அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நீ. இது உனக்கும் தெரியும், குப்பத்துக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை நடுத்தோப்பில் ஜீப் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. குப்பத்து மீன் முழுக்க வெயிலில் கிடந்தது. வியாபாரிகள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எஞ்சின் ஆறியதும் நீ துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தாய். உள்ளே ஒரு சொட்டு இல்லை. உடனே என் பக்கம் திரும்பினாய்.

"காத்தால தண்ணி காட்டினியா இல்லியா?"

"காட்டினேன்."

"காட்டின தண்ணி எங்கக்கா போச்சு? எனக்கே தண்ணி காட்டுறியா? வாயத் தொறந்தா பொய்யி!"

குப்பத்துக்குப் பெரியவர் எல்லப்பன் அண்ணன் நின்றார், படகுக்காரர்கள் நின்றார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். குப்பத்தில் எனக்குச் சீட்டு கிடையாது, ரசீது கிடையாது. மஹீரா சாயங்காலம் பணத்தோடு வருவேன் என்றால் சாயங்காலம் வருவாள், அவ்வளவுதான் என் வியாபாரம். அந்த வாய்க்குப் பொய் என்று பெயர் வைத்துவிட்டு, யாரோ கொடுத்த குடத்துத் தண்ணியை உள்ளே ஊற்றி வண்டியை ரோட்டில் சேர்த்தாய். சாவியை மணலில் வீசினாய், உன் ஊருக்கு பஸ் ஏறிவிட்டாய்.

நான் காட்டினேன் ஜெபா. ரமலானில் சஹர் சாப்பிட விடியும் முன் எழுந்திருக்கிறேனே, நீ தூங்கு, வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இந்த வேலையை நானாகத்தானே கேட்டு வாங்கினேன்? அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. காட்டிய தண்ணி இந்த வெயிலில் காயாமல் என்ன செய்யும்? உள்ளே இருந்ததைக் கொதிக்க வைத்தது உன் ஓட்டுதல்.

நீ குப்பத்துக்கு வா. அக்கா பொய் சொல்லவில்லை என்று அதே ஆட்கள் முன்னால் சொல். வேறு ஒன்றும் வேண்டாம்.

மஹீரா


கருங்குழி
மே 8

மதிப்பிற்குரிய மஹீரா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சாவியை நான் வீசவில்லை. கீழே வைத்தேன். மணல் என்பதால் உள்ளே போயிருக்கும்.

நான் ஓட்டியதால்தான் கொதித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கோடைகாலம் அந்தத் தோப்பில் ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவை கொதித்ததுண்டா? ரேடியேட்டரில் ஊசிமுனை அளவு கசிவு இருக்கிறது, அதனால்தான் தினமும் தண்ணி காட்ட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். அந்த வேலை என் கையில் இருந்தவரை ஜீப் ஒழுங்காக இருந்தது. தங்கள் கைக்குப் போன பிறகுதான் இந்தக் கூத்து. இதற்குமேல் நான் என்ன சொல்ல?

பூபாலன் என்று ஒருவரை வைத்திருப்பதாக முனிசாமி அண்ணன் சொன்னார். "ரோட்ல அவன் ராஜாம்மா, மணல்ல எறங்கினா ஒரே பேஜாரு" என்றும் சொன்னார். எனக்கு என்ன வந்தது. ஆனால் ஜீப் எந்தப் பாவமும் செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

தோப்புக்குள் இறங்கும் முன் நாலு டயரிலும் காற்றைக் குறைக்கச் சொல்லுங்கள். டயர் அகன்று மணல்மேல் மிதந்து போகும். காற்று நிறைந்த டயர் மணலைத் தோண்டும், தோண்டுகிற வண்டி சூடேறும். லோ கியர் போட்டு ஒரே சீராகப் போக வேண்டும். புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்து உறுமக் கூடாது, இறங்கி மண்வெட்டியை எடுக்க வேண்டும். வெயில் ஏறும் முன் முதல் நடையை முடித்துவிட வேண்டும். வண்டி சூடாகிவிட்டால் சட்டென்று எஞ்சினை அணைக்கக் கூடாது, அணைத்தால் ஃபேனும் நின்றுபோகும். மூக்கைக் கடல் காற்றுக்குத் திருப்பி, பானெட்டைத் தூக்கி, சும்மா ஓடவிட வேண்டும். கொதிக்கும்போது மூடியில் கை வைத்தால் முகம் வெந்துபோகும்.

அப்புறம், முன்பக்கம் கட்டியிருக்கிறீர்களே 'மஹீரா மீன் கம்பெனி' என்று ஒரு ஃப்ளெக்ஸ், அதை அவிழ்த்துவிடுங்கள். மூஞ்சியை மூடிவிட்டு ஓடச் சொன்னால் யார்தான் ஓடுவார்கள்? இதை முன்பே சொன்னேன். "அளகா கீதுடி" என்றீர்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே தண்ணி காட்டுவது. அதை நிஜமாகவே செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஜெபா


கோவளம்
மே 11

ஜெபா,

'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். 'தங்கள்' வேறு. அந்தச் சாவியை என் முகத்தில் எறிந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. என் வீட்டு நாஸ்தாவைத் தட்டிலிருந்து பிடுங்கித் தின்றவள் நீ, உனக்கு நான் எப்போது மதிப்பிற்குரியவள் ஆனேன்?

ஃப்ளெக்ஸை அவிழ்த்துவிட்டேன். இப்போது அது கோழிக் கூண்டுக்கு மேல் கிடக்கிறது. பூபாலனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், உன் பெயரைச் சொல்லவில்லை. முதல் நாள் கேட்கவில்லை, புதைந்தான், தோண்டினான். மறுநாளிலிருந்து காற்றைக் குறைத்துத்தான் இறங்குகிறான். தினமும் காலையில் வந்து, "தண்ணி காட்டியாச்சாக்கா?" என்று கேட்பான், ஆச்சு என்பேன், ஏறி உட்காருவான். உன்னைப் போல முகத்தை உற்றுப் பார்க்க மாட்டான்.

கேட்டுக்கொள், இதுவரை கொதிக்கவில்லை. அதே ஜீப், அதே மணல், அதே அக்னி வெயில், அதே மஹீரா காட்டுகிற அதே தண்ணி. மாறியது ஓட்டுகிற ஆள் மட்டும்தான். இனிமேலாவது ஒத்துக்கொள்.

ஆனால் குப்பத்தில் என் நிலைமை வேறு. நேற்று எல்லப்பன் அண்ணனின் மனைவி பெட்டிகளை எண்ணி ஏற்றினாள், நான் வாங்கிக்கொண்ட பிறகு மறுபடியும் எண்ணினாள். இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. ஏன் அண்ணி என்று கேட்டேன். அண்ணன்தான் பதில் சொன்னார்.

"இன்னா மஹீரா, உன் டிரைவரே உன்னியப் பொய்க்காரின்னு சொல்லிகினு போறா. நாங்க இன்னாத்த நம்புறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு இந்த வாயைத் தவிர வேறு முதல் கிடையாது, அதில் நீ மண்ணைப் போட்டுவிட்டாய்.

மஹீரா


கருங்குழி
மே 13

மஹீரா அக்காவுக்கு,

'தங்கள்' வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். கோபம் விடவில்லை.

கொதிக்கவில்லை என்று சந்தோஷப்படுகிறாய். படு. அன்றைக்கு நான் ஊற்றிய குடத்துத் தண்ணி இன்னும் உள்ளே இருக்கிறது, அதில் ஓடுகிறது. எவ்வளவு நாள் ஓடும் என்று பார்ப்போம். எனக்கு ஒரு விஷயம்தான் இன்னும் புரியவில்லை. அன்று சூடு காட்டுகிற முள் எழும்பவே இல்லை. பாதிக்குக் கீழேயே படுத்துக் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன், என் கண் சாட்சி. எழுந்திருந்தால் தோப்பில் இறங்கியே இருக்க மாட்டேன். முள் படுத்திருக்க வண்டி எப்படிக் கொதிக்கும்? இதை யாரிடம் கேட்டாலும் முள் கெட்டுப்போயிருக்கும் என்கிறார்கள். கெடவில்லை, எனக்குத் தெரியும்.

நாவலூரில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்கப் பெண் டிரைவர் கேட்கிறார்கள். ஏசி வண்டி. தார் ரோடு. கொதிக்காது, புதையாது, மீன் நாற்றம் கிடையாது. அடுத்த வாரம் பதில் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் சந்தோஷம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை.

குப்பத்தில் வந்து சொல் என்கிறாய். எதைச் சொல்ல? ரேடியேட்டர் காலியாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அப்போது பொய்க்காரி நானாகிவிடுவேன். நீ ஒரு நாள் மறந்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டிருந்தால் அத்தோடு போயிருக்கும். மறதி யாருக்கு இல்லை? நீ காட்டினேன் காட்டினேன் என்று சாதித்தாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெட்டியை இரண்டு தடவை எண்ணினார்கள் என்று படித்தபோது கஷ்டமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜெபா


கோவளம்
மே 16

ஜெபா,

கொதித்துவிட்டது. உனக்கு வெல்லம் தின்ற மாதிரி இருக்கும், தின்னு.

நேற்று அதே தோப்பு. அதே மாதிரி புஸ்ஸென்று ஆவி. நீ சொன்ன மாதிரியே முள் படுத்துத்தான் கிடந்ததாம். பூபாலன் பயந்துபோய் இறங்கி ஓடியவன் ஓடியவன்தான். போன் போட்டால், "அந்த வண்டில பேய் கீதுக்கா" என்கிறான். படகுக்காரர்கள்தான் கயிறு கட்டி இழுத்து என் வாசலில் விட்டார்கள். ஸ்டார்ட் செய்தால் எஞ்சினிலிருந்து வெள்ளைப் புகை வருகிறது. எல்லப்பன் அண்ணன் கூவத்தூர்ப் பக்கமிருந்து டிராக்டர் பேசிவிட்டார். ஜூனிலிருந்து டிராக்டர்தான் மீன் ஏற்றும். நான் ரோட்டில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், அதுவும் அவர்கள் கொடுத்தால்.

காயலான் கடைக்காரர் திங்கட்கிழமை வந்து ஜீப்பைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். சரி என்றுவிட்டேன். அந்த வண்டியை வாசலில் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. நீயும் இனி என்னைக் கூப்பிட வேண்டாம், நானும் உன்னை பிளாக் செய்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. மறந்துவிட்டேன் என்று ஒத்துக்கொள் என்று எழுதினாய் அல்லவா? நான் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? ரமலான் பழக்கம் போகாமல் இன்றைக்கும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முன் எழுகிறேன். கிணற்று நல்ல தண்ணியை ஹோஸில் பிடித்து, முன்பக்கக் கம்பி வலை, சக்கரம், அடிப்பாகம் என்று உப்பு ஒரு பொட்டு தங்காமல் காட்டுகிறேன். பானெட்டைத் தூக்கி எஞ்சின் மேல் மெல்லக் காட்டுகிறேன், ஒயரில் படாமல். கடைசியில் துணி போட்டுத் துடைக்கிறேன். இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்து? என் வாப்பா மைதீன் இந்தக் கரையில் எத்தனை படகு எஞ்சினைப் பழுது பார்த்தவர்! கடலுக்குப் போய் வந்த எஞ்சினுக்கு நல்ல தண்ணி காட்டாமல் விட்டால் உப்பு தின்றுவிடும் என்று தினமும் சொல்வார். அவர் காட்டியதைவிட ஒரு வாளி அதிகமாகவே காட்டினேன். என் வீட்டு வாசல் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. இதற்குமேல் ஒரு வண்டிக்கு எப்படியடி தண்ணி காட்டுவது?

இனி எழுத மாட்டேன்.

மஹீரா


கருங்குழி
மே 17

அக்கா,

ஜீப்பை விற்காதே. இந்தக் கடிதம் வந்ததும் முதலில் காயலான் கடைக்காரருக்கு போன் போடு, பிறகு மீதியைப் படி. உனக்கு அடித்துப் பார்த்தேன், பிளாக் செய்திருக்கிறாய். சரிக்குச் சரி. முனிசாமி அண்ணன் இன்றைக்கு லோடு இல்லை என்றார், கையைக் காலைப் பிடித்து அனுப்புகிறேன்.

நீ ஜீப்பைக் குளிப்பாட்டியிருக்கிறாய் அக்கா. குடிக்கக் கொடுக்கவே இல்லை.

எங்கள் ஊரில் மாட்டுக்குத் தண்ணி காட்டு என்றால் குடிக்க வை என்று அர்த்தம். என் அம்மா சந்திரம்மா ஊரார் தொழுவத்தில் ஊரார் மாட்டுக்கெல்லாம் தண்ணி காட்டித்தான் எங்களை வளர்த்தாள். எனக்கு அந்த வார்த்தை நாக்கிலேயே ஊறியது. வண்டிக்குத் தண்ணி காட்டு என்றால் ரேடியேட்டரின் மேல் மூடியைத் திறந்து உள்ளே ஊற்று என்றுதான் நான் இத்தனை நாளும் சொன்னேன். பூபாலனும் எங்கள் பக்கத்து ஆள், அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். நீ வெயில் காட்டுகிற மாதிரி, சாம்பிராணி காட்டுகிற மாதிரி, வண்டிக்குத் தண்ணியைக் காட்டியிருக்கிறாய். தினமும் நான் கேட்டேன், தினமும் நீ காட்டினேன் என்றாய். இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

முள் ஏன் எழவில்லை என்றும் இப்போதுதான் புரிகிறது. முள்ளுக்குச் சூட்டைச் சொல்கிற பாகம் தண்ணிக்குள் நனைந்திருந்தால்தான் வேலை செய்யும். தண்ணியே இல்லாத இடத்தில் அது எதைச் சொல்லும்?

எனக்கு உன்மேல் இன்னும் ஆத்திரம்தான். அன்று குடத்தை வாங்கி நான் உள்ளே ஊற்றியதைப் பார்த்துக்கொண்டுதானே நின்றாய்? இது என்னடி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? என்மேல் அதைவிட ஆத்திரம். உன் வாசல் தினமும் ஈரமாக இருந்ததைத் தாண்டிக்கொண்டுதான் நான் வண்டி ஏறினேன். அக்கா சுத்தக்காரி, வாசல் தெளித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து கழுத்துவரை ஊற்று. வெள்ளைப் புகைக்கு மெக்கானிக்கைக் கூப்பிடு, சூட்டில் எஞ்சினின் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், மாற்றிவிடலாம்.

குப்பத்தில் சொல்ல வேண்டியது என் வேலை.

ஜெபா


கோவளம்
மே 20

ஜெபா,

காயலான் கடைக்காரர் போனை எடுக்கவில்லை. நேராக வந்து நின்றார், சங்கிலியோடு. கொஞ்சம் இருங்கள் பாய் என்று சொல்லிவிட்டு, மூடியைத் திறந்து ஊற்றினேன். ஒரு குடம் ஊற்றினேன், போதவில்லை. பக்கத்து வீட்டுக் குடத்தை வாங்கி ஊற்றினேன். மடக் மடக்கென்று உள்ளே போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ரமலான் முடிந்து நாமெல்லாம் நோன்பு திறந்து, பெருநாள் பிரியாணியும் தின்று முடித்தோம். அது மட்டும் இன்னும் நோன்போடு மீன் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. பாய் ஒன்றும் புரியாமல் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

நீ குடத்துத் தண்ணியை ஊற்றியதைப் பார்த்தேன்தான். அது கொதித்த வண்டிக்கு வைத்தியம் என்று நினைத்தேன். கசிவு என்று நீ சொன்னதும் உப்பு தின்ற ஓட்டை, அதைக் கழுவத்தான் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். காய்ச்சல் வந்தவனுக்குத்தானே குளுக்கோஸ் ஏற்றுவார்கள், நன்றாக இருக்கிறவனுக்குத் தினமும் ஏற்றுவார்களா? கேட்காதது என் தப்பு என்றால் சொல்லாதது உன் தப்பு. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

மெக்கானிக் வந்து பார்த்தார். கேஸ்கட்தான். வியாழக்கிழமை முடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ குப்பத்துக்கு வந்ததை எல்லப்பன் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் ஐஸ் பெட்டிமேல் ஏறி நின்றாயாம். "அக்கா பொய் சொல்லலை. தெனம் தண்ணி காட்டிக்கினுதான் இருந்துச்சு. குடிக்க வைன்னு நான்தான் சொல்லலை" என்று கத்தினாயாம். நடந்ததை முழுக்கச் சொன்னாயாம். குப்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம்.

நல்ல காரியம் செய்தாய், போ. பொய்க்காரி என்ற பெயர் போனது, இப்போது என் பெயர் தண்ணி காட்டுறவள். நேற்றுக் கரையில் இறங்கியதும் அண்ணன் ஆரம்பித்தார். "இன்னா மஹீரா, எங்களுக்கும் கொஞ்சம் தண்ணி காட்டேன்!" சின்னது பெரியது வித்தியாசமில்லாமல் எல்லாம் அதையே சொல்லிச் சிரிக்கிறது. இதற்கு அந்தப் பெயரே தேவலாம் என்று எரிச்சலாக வந்தது. ஆனால் தலைச்சுமையாக நான் வாங்கி வந்த பெட்டியை அண்ணி ஒரே தடவைதான் எண்ணினாள். டிராக்டர்காரனிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம், தடைக்காலம் முடியும்வரை ஜீப்புக்குத் தவணை.

எனக்குத் தாங்காதது வேறு. இவ்வளவு தூரம் வந்தவள் என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. குப்பத்திலிருந்து நடந்தால் என் வாசலைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். தாண்டியிருக்கிறாய். அந்த வெயிலில் ஒரு வாய் தண்ணி கேட்காமல் போயிருக்கிறாய். நான் உள்ளேதான் இருந்தேன், கதவும் திறந்துதான் இருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாவலூரில் ஏசி வண்டிதான் வேண்டும் என்றால் போ, நான் குறுக்கே நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஜீப் மணலில் இறங்க வேண்டும். கழுத்துவரை தண்ணி ஊற்றி வைப்பேன், ஃப்ளெக்ஸ் கட்ட மாட்டேன், ஓட்டத்தான் ஆளில்லை. சாவி ஆணியில் தொங்குகிறது.

வா. வந்ததும் முதலில் உனக்குத் தண்ணி காட்டுகிறேன். எந்த ஊர் அர்த்தத்தில் என்று வந்து பார்த்துக்கொள்.

மஹீரா